போனஃபைட் குடித்தனம்

போனஃபைட் என்ற சொல்லை நான் தேவைப்பட்டு ஒருமுறைகூடப் பேசியதில்லை. மீன் வாங்கும்போது வேண்டியிருக்கவில்லை, பல் பிடுங்கப் போனபோது வேண்டியிருக்கவில்லை, மாமியாரோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டபோதும் வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே சோறு தின்கிறவள் நான். நானே சொல்கிறேன், அந்தச் சொல் இல்லாமல் ஒருவர் பிறந்து, படித்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்துச் செத்தும் போகலாம்.

லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. அர்த்தம் பெரிய ரகசியமில்லை. அசலான, போலி இல்லாத, அவ்வளவுதான். கார் சாமான் கடைக்காரர் இதையே ஜெனுவின் என்பார், நகைக்கடைக்காரர் ஒரிஜினல் என்பார், வியாபாரம் நடந்துவிடும். ஆனால் எங்கள் பாஸுக்கு அது போதாது.

பாஸ் என்பது நான் வேலை பார்க்கும் ஆங்கில வகுப்பு மையத்தின் சொந்தக்காரர். மையம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது. மாணவர்கள் வருவதற்கு முன்பே சாம்பார் வாசனை வந்து உட்கார்ந்துவிடும். படிக்க வருகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகும் பெரியவர்கள். பதவி உயர்வுக்கு, நேர்காணலுக்கு, பிள்ளைகளின் பள்ளியில் தலைநிமிர்ந்து பேசுவதற்கு என்று ஆளுக்கொரு காரணத்தோடு வருவார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி அதை முடிக்கத் தெரிந்தால் போதும். பாஸ் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் கண்டுபிடித்த ஏற்பாட்டுக்குப் பெயர் ‘வாரம் ஒரு சொல்’. சனிக்கிழமை வகுப்பில் ஒரு கனமான சொல்லைக் கொடுப்பார். அதை அந்த வாரம் முழுக்க வெளியே, நிஜ மனிதர்களிடம், அன்றாட வாக்கியத்தில் பேச வேண்டும். பேசியதை அடுத்த சனிக்கிழமை எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். கேட்பதற்கு பாஸே டை கட்டிக்கொண்டு வந்து முன் நாற்காலியில் உட்காருவார்.

போனஃபைட் வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சாப்ட்வேர் வேலைக்கு வந்திருந்த ஒருவர் கீழே சாப்பாட்டுக் கடைக்குப் போய், “இஸ் திஸ் போனஃபைட் ஃபில்டர் காபி?” என்று கேட்டிருக்கிறார். பரிமாறுகிறவர், “அண்ணே, பின்னால ஆளு நிக்கிறாங்க, காப்பி வேணுமா வேணாமா?” என்றாராம். செம்பனைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஒருவர், “மை மதர் இஸ் எ போனஃபைட் மதர்” என்று சொல்லிவிட்டு, பெற்றவளுக்கே நற்சான்று வழங்கிய திருப்தியோடு உட்கார்ந்தார். பாஸ் கைதட்டினார். தன் பங்குக்கு, “வீ ஆர் எ போனஃபைட் இன்ஸ்டிடியூட்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கழுத்தில் கிடப்பது தங்கம் என்றால் யாரும் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதில்லை.

அன்று கடைசியாக எழுந்தவள் கிள்ளானிலிருந்து வருகிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஷா ஆலமில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறையைப் பொறுக்கி எடுக்கும் பிரிவில் வேலை. சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் ஆங்கிலம் வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டதால் சனிக்கிழமைதோறும் கோமுட்டர் ரயில் ஏறி வருவாள். பாஸின் சொல்லை உண்மையான தேவைக்காகப் பேசிப் பார்த்தவள் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான்.

“நா யூஸ் பண்ணிட்டேன் டீச்சர். வீட்டு ஏஜென்ட்கிட்ட சொன்னேன். ஐ ஆம் எ போனஃபைட் டெனன்ட்.”

“நல்லாருக்கே. என்ன சொன்னாரு?”

“வாட் ரேஸ் ஆன்னு கேட்டாரு.”

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பாஸ்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். “சென்டன்ஸ் பெர்ஃபெக்ட் லா!” என்றார்.

இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடிய தமிழருக்கு அந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டு விளம்பரத்தைப் பார்த்து போன் செய்தால், எத்தனை பேர் குடியிருப்பீர்கள், என்ன வேலை என்பதற்கெல்லாம் முன்னால் ஏஜென்ட் கேட்பது, நீங்கள் என்ன இனம் என்பது. இந்தியர் என்றதும் ஸோரி என்பார். ஓனருக்கு விருப்பமில்லையாம், சமையல் வாசனையாம், சாமி கும்பிட்டால் புகையாம், சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து தங்குவார்களாம். எங்கள் சமையலை இலையில் போட்டால் எல்லா இனமும் விரலைச் சப்பிக்கொண்டு சாப்பிடுகிற ஊர் இது. அதே வாசனை வாடகை வீட்டில் வந்தால் மட்டும் சுவர் கெட்டுவிடும். போனில் ஆங்கிலம் நன்றாக இருந்தால் முதல் இரண்டு நிமிஷம் நாமும் மனிதராக இருக்கலாம். அப்புறம் பெயரைக் கேட்பார்கள்.

அவளுக்கு வீடு அவசரம். குடியிருந்த வீட்டை ஓனர் விற்றுவிட்டார், பள்ளி விடுமுறை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். இரண்டு பிள்ளைகளும் கிள்ளானில் நடந்து போகும் தூரத்தில் உள்ள தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள், பெரியவள் ஆறாம் ஆண்டு. அந்தப் பக்கத்தில் வீடு கிடைக்காவிட்டால் ஜெஞ்சாரோமில் மாமியார் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே இரண்டு கொழுந்தன்மார் குடும்பத்தோடு இருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளி போகும், ரயில் போகும், என் வகுப்பும் போகும். சூப்பர்வைசர் வேலையும் கூடவே போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“வாட்ஸ்அப்ல குடும்ப போட்டோ வச்சிருந்தேன் டீச்சர். எடுத்துட்டு சூரியகாந்திப் பூவ வச்சேன். எங்க மூஞ்சிக்கு பதிலே வராது. பூவுக்கு பதில் வருது.”

இதைச் சொல்லும்போதும் அவள் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொந்த முகத்தைப் பூவுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டவளிடம் போய், அசலானது என்பதற்கு லத்தீன் சொல்லை ஒப்பிக்கச் சொல்கிறோம். இதைவிடக் கேவலமான பாடம் ஒன்றை நான் நடத்தியதில்லை.

அந்த வாரமே ஒரு காரியம் நடந்தது. தேநீர் கலக்கும் மூலையில் பாஸ் யாரிடமோ போனில் புலம்பிக்கொண்டிருந்தார். கிள்ளானில் அவருக்கு ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது. தங்கமான பழைய ஆட்கள் காலி செய்து பல மாதமாகிவிட்டது, நல்ல ஆள் அமையவில்லை. “போனஃபைட் டெனன்ட் கெடைக்கிறது ரொம்ப கஷ்டம் லா” என்றார். அவர் போனை வைத்ததும் நான் போய் நின்றேன்.

“பாஸ், என்கிட்ட ஒரு ஆள் இருக்கு. நல்ல குடும்பம். ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க.”

“அப்டியா? வெரி குட். என் ஏஜென்ட்ட கூப்பிடச் சொல்லுங்க. நா டைரெக்டா பாக்கறதில்ல. எல்லாம் புரொசீஜர்படிதான்.”

யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாஸ் நெற்றியில் திருநீறு இல்லாமல் மாடி ஏறாதவர். மேடையேறினால் நம் சமுதாயம், நம் சமுதாயம் என்று தொண்டை கட்டும் வரை பேசுகிறவர். அவர் வீட்டுக்கு ஒரு தமிழ்க் குடும்பம் போவதில் என்ன தடை வரப்போகிறது என்று நினைத்துவிட்டேன்.

வீட்டைப் பற்றிச் சொன்னதும் கிள்ளான்காரி வேலை முடிந்து மையத்துக்கே வந்துவிட்டாள். ஏஜென்டிடம் என்னையே பேசச் சொன்னாள். “உங்க இங்கிலீஷ் நல்லாருக்கும் டீச்சர். நீங்க பேசினா குடுப்பாங்க.” பேசினேன். மறுமுனையில் ஒரு சீன வாலிபன், மரியாதையான பிள்ளை. என் குரலை வைத்து ஆன்டி என்று கூப்பிட்டான். வீடு காலியாகத்தான் இருக்கிறது, எந்த நாளும் வந்து பார்க்கலாம், தமிழ்ப்பள்ளி நடக்கிற தூரம்தான் என்றான். அப்புறம் வந்தது அந்தக் கேள்வி. இந்தியன் என்றேன்.

“ஸோரி ஆ, ஆன்டி. ஓனர் டோன்ட் வான்ட் இந்தியன்.”

“தம்பி, ஓனரே இந்தியன்தானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“தட்ஸ் வை லா, ஆன்டி” என்றான்.

அதனால்தானாம். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. மழை வருகிறது, குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னான். ஓனருக்கு இந்தியர்களைப் பற்றித் தெரியும், அவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்பது அவன் கணக்கு. அவனைத் திட்டி என்ன செய்ய? போனை வைத்தேன். பக்கத்தில் நின்றவள் என் முகத்தைப் பார்த்து, “பரவால்ல டீச்சர்” என்றாள். என்னைத் தேற்றினாள் அவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை பாஸின் அறைக்குப் போனேன். சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். அறை முழுக்கப் புகை. அந்தச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

“பாஸ், உங்க வீட்ட இந்தியனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கீங்களா?”

அவர் கொஞ்சமும் கூசவில்லை. ஊதுபத்தியைச் செருகிவிட்டு உட்கார்ந்தார். “டீச்சர், உங்களுக்கு சொன்னா புரியும். மின்ன ஒரு தடவ நம்ம ஆளுக்குக் குடுத்தேன். சொவரெல்லாம் ஆணி. கெளம்பறப்ப வீடு நாசம். நம்ம ஆளுங்களப் பத்தி நமக்குத் தெரியாதா?”

“நீங்க நம்ம ஆளு இல்லையா பாஸ்?”

“நா வேற லா” என்றார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பாஸுக்கு நம்மவர்கள் எல்லாரும் ஒரே பானை, எவனோ ஒருவன் ஆணி அடித்தால் பானையோடு கொட்டிவிடுவார். அடுத்த இனத்தார் என்றால் மட்டும் ஒவ்வொரு சோறாக எடுத்துப் பதம் பார்ப்பார். இதையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஆள் யார் என்று கேட்டார். நம் மாணவிதான் என்றதும் முகம் மாறியது. வகுப்பில் பேச்சு பரவிவிடும் என்று பயந்தாரா, இல்லை நிஜமாகவே இரக்கம் வந்ததா, எனக்குத் தெரியாது. முதலாவது என்றுதான் பந்தயம் கட்டுவேன்.

“சரி, அந்தம்மாவுக்காக எக்ஸெப்ஷன் பண்றேன். ஆனா நா பாத்து பேசணும்.”

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பாஸ் அவளை முன் நாற்காலியில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தார். நான் கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

“ஹஸ்பண்ட் என்னா வேல?”

“போர்ட்ல லோரி ஓட்றாரு சார்.”

“குடிப்பாரா?”

“இல்ல சார்.”

“கொஞ்சங்கூட?”

“தீபாவளிக்கு சார்.”

“கேங்கு கீங்குன்னு சகவாசம்?”

“இல்ல சார்.”

“வெள்ளிக்கெழம சாம்பிராணி போடுவீங்களா?”

“போடுவோம் சார்.”

“அத பால்கனியில வச்சுக்குங்க. தைப்பூசத்துக்கு சொந்தக்காரங்க கூட்டமா வந்து தங்கறதெல்லாம் கூடாது. சொவத்துல ஆணி கூடாது. புரியுதா?”

“புரியுது சார்.”

துடைத்த பலகையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, துக்கத்தால் அல்ல. அந்த ஆள் கழுத்தில் தொங்கிய டையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் இருந்தது. கடைசியில் பாஸ் எழுந்து, பட்டம் வழங்குகிறவர்போல் கையை நீட்டினார். “ஓகே. யூ ஆர் போனஃபைட்.” அவள் எழுந்து நின்று, “தேங்க் யூ சார்” என்றாள்.

மாடிப்படியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லிவிடு, வேறு வீடு பார்க்கலாம், நான் கூட அலைகிறேன், அம்பாங்கில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

“உங்களுக்குக் கோவம் வருது டீச்சர். எனக்கும் வருது. ஆனா கோவத்த விரிச்சுப் போட்டு புள்ளைங்கள படுக்க வைக்க முடியாதுல்ல? எனக்கு வீடு வேணும்.”

சொந்த வீட்டில் இருந்துகொண்டு அவளுக்குத் தன்மானம் கற்பிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

குடிபோகும் நாளுக்கு முன்னால் வீட்டைக் கழுவ நானும் போனேன். கதவைத் திறந்ததும் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். பாஸ் ஓயாமல் புகழ்ந்த பழைய குடித்தனம், அவர் தேடித் தேடிப் பிடித்த, நம்மவர் அல்லாத நல்ல ஆட்கள், விட்டுப்போன வீடு அது. அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டி நூலாக வந்தது. குளியலறைச் சாக்கடை முடியால் அடைத்துக் கிடந்தது. கூடத்துச் சுவரில் ஆணிகள் இருந்தன, ஒன்றிரண்டு அல்ல. எல்லா இனத்திலும் அழுக்குப் பண்ணுகிறவனும் உண்டு, கழுவுகிறவனும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க லத்தீன் வேண்டாம், ஒரு துடைப்பம் போதும். அவளும் அவள் கணவரும் நானும் பகல் முழுவதும் சுரண்டினோம். அவள் கணவர் ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளுக்குப் பூச்சு வைத்துச் சாயம் அடித்தார். பெரியவள் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அங்கிருந்தே பள்ளிக்கூடக் கூரை தெரிகிறது என்று கத்தினாள்.

பள்ளி திறந்து சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கோழிப் பிரட்டல் அடுப்பில் இருந்தது, கூடத்துத் தரை அப்போதுதான் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அழைப்பு மணி அடித்தது. சொல்லாமல் கொள்ளாமல் பாஸ் வந்திருந்தார், கூடவே அந்த ஏஜென்டும். வீட்டைப் பார்வையிட வந்தாராம். நேராக உள்ளே வந்து கூடத்தின் நடுவில் நின்று சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அடுப்படியை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. வாசலில் நின்ற ஏஜென்டிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்:

“ஸீ? நாட் லைக் தி அதர்ஸ். திஸ் ஒன் போனஃபைட்.”

அவள் கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள். அவளுக்கு இப்போது அவ்வளவு ஆங்கிலம் நன்றாகவே புரியும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

“சார், நா மத்தவங்க மாதிரிதான்” என்றாள்.

பாஸ் சிரிக்கப் பார்த்தார்.

“இல்ல சார். எங்கம்மா வீடு இப்டிதான் இருக்கும். என் தங்கச்சி வீடும் இப்டிதான் இருக்கும். நீங்க குடுக்க மாட்டேன்னு சொன்ன ஆளுங்க வீடெல்லாம் இப்டிதான் சார் இருக்கும். நா ஒண்ணும் வேற இல்ல.”

வீடு போச்சு, பள்ளிக்கூடம் போச்சு, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். பெரியவள் புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கரண்டியைத் தாழ்த்திப் பாஸின் காலைக் காட்டினாள்.

“நம்ம ஆளுங்க வீட்டுல சப்பாத்த வாசல்லயே கழட்டிட்டுதான் வருவாங்க சார். நீங்களும் கழட்டிட்டு வாங்க. சாப்பிடலாம்.”

வாசலில் நின்ற சீனப் பையன் சப்பாத்தை எப்போதோ கழற்றி ஓரமாக வைத்திருந்தான், வெறும் காலுறையோடு நின்றான். அவனுக்குத் தமிழ் புரிந்திருக்காது. ஆனால் எல்லாரும் எங்கே பார்க்கிறார்கள் என்று அவனும் பார்த்தான். துடைத்த தரையில் வாசலிலிருந்து கூடம் வரை பாஸின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது.

பாஸ் அதே தடத்தில் வாசலுக்குத் திரும்பிப் போனார். கயிறு கட்டிய சப்பாத்து, குனியாமல் கழற்ற முடியாது. குனிந்தார்.